தெருக்குழாய் வரை நகராட்சி. அதற்கு இந்தப் பக்கம் நாம்!

தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைக்கிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கிடங்கில் எலி நுழைந்தால் அன்றிரவே பொறி வைக்கிறோம். பருப்பு மூட்டையில் வண்டு தெரிந்தால் மறுபேச்சின்றிச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறோம். ஆனால் தினமும் நம் கடைக்குள் வந்து போகும் சரக்கு ஒன்று உண்டு. அதற்கு மட்டும் நாம் தரம் பார்ப்பதில்லை. இருப்பு வைக்கும் இடத்தையும் எட்டிப் பார்ப்பதில்லை. அதுதான் தண்ணீர்.

டீக்கடை, ஜூஸ் கடை, சிற்றுண்டிக் கடைக்காரர்களைச் சொல்லவே வேண்டாம். மளிகைக் கடையிலும் இன்று ஈரமாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறோம். காய்கறிக் கடையில் கொத்தமல்லி, புதினா, கீரைக்கட்டு வாடாமலிருக்க அடிக்கடி தண்ணீர் தெளிக்கிறோம். மொத்த வியாபாரக் கடையில்கூட மூட்டை இறக்கும் தொழிலாளர்கள் குடிக்க ஒரு பானை இருக்கிறது. ஆகவே, "எனக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மில் யாரும் ஒதுங்கிவிட முடியாது.

ஊரில் வாந்தி, பேதி, மஞ்சள் காமாலை என்று செய்தி வந்தால் உடனே நகராட்சியைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் அந்தக் குறை நியாயமானதே. ஆனால் தெருவில் போகும் பெரிய குழாய்க்கும் நம் கையிலிருக்கும் டம்ளருக்கும் நடுவில் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. இணைப்புக் குழாய், தரைக்கடியில் சம்ப், மோட்டார், மாடித் தொட்டி, அங்கிருந்து இறங்கும் பைப்புகள், கடைசியில் குழாய்த் திருகு. இவை அத்தனையும் நம் கட்டடத்தில் இருப்பவை. நல்ல தண்ணீராக வந்து, நம் கட்டடத்துக்குள் கெட்டுப்போகும் தண்ணீருக்கு நாம் யாரைக் கேட்பது?

உலக சுகாதார நிறுவனம், உலகக் குழாய்ப்பணிக் குழுமத்துடன் சேர்ந்து 2006-ல் கட்டடக் குழாய் வேலையும் மக்கள் ஆரோக்கியமும் பற்றித் தனி நூலே வெளியிட்டது. ஆண்டுதோறும் மார்ச் 11-ஆம் நாள் உலகக் குழாய்ப்பணி நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. "பிளம்பர் வேலை" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிற விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதுவே சான்று.

தண்ணீர் பின்னோக்கியும் ஓடும்

குழாயில் தண்ணீர் எப்போதும் நம்மை நோக்கித்தான் வரும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல என்பதை எண்ணெய் வியாபாரம் செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பீப்பாயில் டியூபின் ஒரு முனையை விட்டு, மறுமுனையை ஒரு தடவை உறிஞ்சித் தாழ்வான பாத்திரத்தில் போட்டால் போதும். எண்ணெய் டியூப் வழியாக மேலே ஏறி, வளைந்து, தானாகவே இறங்கி ஓடும். யாரும் தள்ள வேண்டியதில்லை.

இதே வேலையைக் கட்டடக் குழாய்களும் செய்யும். தெருக்குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தால், மேலே ஏறியிருக்கும் தண்ணீர் கீழே இறங்கும். இறங்கும்போது தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கும். அந்த நேரத்தில் எந்தக் குழாய் திறந்திருக்கிறதோ, அதன் வாய் எதில் முங்கியிருக்கிறதோ, அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். வாளியில் சோப்புத் தண்ணீர் இருந்தால் சோப்புத் தண்ணீர். கழிவறைப் பீங்கானில் கிடந்தால் அது. முழு வெற்றிடம் உண்டானால் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுக்க முடியும். அதாவது மூன்று மாடி உயரம்.

தெருக்குழாயில் அழுத்தம் குறைவது எப்போதோ நடக்கும் அதிசயமும் அல்ல. 24 மணி நேரமும் தண்ணீர் வரும் ஊர்களில், பெரிய குழாய் உடைந்தாலோ தீயணைப்புக்கு மொத்தமாக நீர் எடுத்தாலோதான் இப்படி நேரும். நம் ஊர்களில் தண்ணீர் விடுவதே குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான். தண்ணீர் நின்ற ஒவ்வொரு தடவையும் குழாய் காலியாகிறது. காலிக் குழாயில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே சுற்றியுள்ள ஈரம் உள்ளே நுழைகிறது. அந்த ஈரம் சாக்கடையாக இருந்தால், மறுநாள் முதலில் வரும் தண்ணீரில் அது நம் சம்ப்புக்கு வந்து சேருகிறது.

சிகாகோ சொல்லும் பாடம்

1933-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடந்தது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் கூட்டம் வந்து குவிந்தது. ஓட்டல்களுக்கு நல்ல வியாபாரம். நகரின் புகழ்பெற்ற காங்கிரஸ் ஓட்டலும், அதற்கு எதிரே இருந்த ஆடிட்டோரியம் ஓட்டலும் விருந்தினர்களால் நிரம்பி வழிந்தன.

விருந்தினர்கள் ஊர் திரும்பினார்கள். சில வாரங்கள் கழித்து அவரவர் ஊரில் இரத்தமும் சீதமுமாக வயிற்றுப்போக்கு கண்டது. அமீபா கிருமியால் வரும் சீதபேதி உடனே தலைகாட்டாது. ஆகவே எங்கே பிடித்த நோய் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்த மருத்துவர்கள் சிலர் இதைக் குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணி அறுவை சிகிச்சையும் செய்தார்கள். அது நோயாளிகளுக்குப் பெரும் தீங்காய் முடிந்தது. மேடைக் கலைஞராகப் புகழ் பெற்றிருந்த டெக்சாஸ் கைனன் என்ற பெண்மணி, சிகாகோ நிகழ்ச்சிகளுக்குப் பின் 1933 நவம்பரில் கனடாவின் வான்கூவர் நகரில் இந்த நோயால் உயிரிழந்தார்.

முதலில் சந்தேகம் விழுந்தது ஓட்டல் சமையல் தொழிலாளர்கள் மீது. தீவிரமாக ஆராய்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஊருக்கு வந்த குடிநீரில் குற்றமில்லை. கட்டடத்துக்குள் இருந்த பழைய, பழுதடைந்த குழாய் அமைப்பிலேயே குற்றம். கழிவுநீர்க் குழாய்களிலிருந்து குடிநீருக்குள் கழிவு சேர வழியிருந்தது. சுமார் 1,400 பேருக்கு நோய் கண்டது. 98 பேர் இறந்தார்கள். அந்த ஓட்டல்காரர்கள் கலப்படம் செய்தவர்கள் அல்லர். யாருக்கும் கெடுதல் நினைத்தவர்களும் அல்லர். கட்டடத்தில் பைப்புகள் எங்கே போகின்றன, எது எதனோடு சேர்கிறது என்று யாரும் வெகுகாலம் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

இது எப்போதோ நடந்தது என்று ஒதுக்க வேண்டாம். செல்போனுக்குப் பெயர் தந்த பின்லாந்து நாட்டின் நோக்கியா நகரில் 2007 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்திகரித்து வெளியேறும் கழிவுநீர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் இணைத்து ஓர் இணைப்பு இருந்தது. நடுவில் ஒரு வால்வு. பராமரிப்பு வேலையின்போது அந்த வால்வு திறந்துவிட்டது. ஏறத்தாழ 4.5 லட்சம் லிட்டர் கழிவுநீர் நகரக் குடிநீரில் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் வயிற்று நோயில் விழுந்தார்கள். சுகாதாரத்துக்குப் பெயர்போன நாட்டிலேயே, ஒரே ஒரு வால்வை நம்பியதன் விளைவு இது. நல்ல தண்ணீரையும் கெட்ட தண்ணீரையும் ஒரு வால்வை மட்டும் நடுவில் வைத்து இணைப்பது, பூட்டில்லாத கல்லாப்பெட்டியைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

நம் கடைவீதியில் காணும் தவறுகள்

நம் ஊர்க் கடைவீதிகளில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே இதே ஆபத்துகள் சிறிய அளவில் கண்ணில் படும்.

முதலாவது, தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது. அழுத்தம் குறைவு, தண்ணீர் ஏறுவதில்லை என்று காரணம் சொல்கிறோம். ஆனால் மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. நமக்கு மட்டுமா? அதே குழாயில் இணைப்புப் பெற்ற பக்கத்து வீட்டுக்கும், தெருக்கோடியிலுள்ள பால்வாடிக்கும் அந்த அழுக்கு போகிறது. உள்ளாட்சிகள் இதைத் தடை செய்து மோட்டாரைப் பறிமுதல் செய்வது தண்ணீர்த் திருட்டைத் தடுக்க மட்டும் என்று எண்ணக் கூடாது.

இரண்டாவது, சாக்கடைக்குள் கிடக்கும் இணைப்புக் குழாய். தெருவின் ஒரு பக்கம் பெரிய குழாய். நடுவில் திறந்த சாக்கடை. அந்தப் பக்கம் நம் கடை. இணைப்புக் குழாய் சாக்கடையைத் தாண்டி வர வேண்டும். மேலே உயர்த்திக் கொண்டுவராமல், சாக்கடைத் தண்ணீரிலேயே முங்கியபடி விட்டுவிடுகிறார்கள். ஜி.ஐ. பைப் சில வருடங்களில் துருப்பிடித்துப் பொத்தலாகிவிடும். தண்ணீர் வரும் நேரத்தில் பொத்தல் வழியே நல்ல தண்ணீர் வெளியே போகும். நின்ற நேரத்தில் சாக்கடை உள்ளே வரும்.

மூன்றாவது, ஓஸ் பைப். குழாயில் ஓஸ் மாட்டி, மறுமுனையை அண்டாவுக்குள்ளோ டிரம்முக்குள்ளோ அடிவரை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். அழுத்தம் நின்றால் அண்டாத் தண்ணீர் திரும்பிக் குழாய்க்குள் போகும். உரம், பூச்சிமருந்து வியாபாரம் செய்யும் அன்பர்கள் இதைத் தனியே கவனிக்க வேண்டும். மருந்து கலக்கும் டிரம்மில் ஓஸ் முனையை ஒருபோதும் முங்க விடக்கூடாது.

நான்காவது, கழிவறையில் மாட்டியிருக்கும் கை ஷவர். அதன் திருகை மூடாமல், பிடியை மட்டும் விட்டுவிட்டு, பீங்கானுக்குள் தொங்கவிட்டுச் செல்வது பல இடங்களில் வழக்கம். அதே மாடித் தொட்டிக் குழாய்தான் கீழே வாஷ்பேசினுக்கும் சமையல் மேடைக்கும் வருகிறது. தொட்டி காலியாகி, கீழே யாராவது குழாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணெய் டியூபை நினைத்துப் பார்த்தால் போதும்.

ஐந்தாவது, போர் தண்ணீரும் நகராட்சித் தண்ணீரும் ஒரே பைப்பில் சேர்வது. இந்த வால்வை மூடினால் அது, அந்த வால்வை மூடினால் இது என்று பிளம்பர் சுலபமாக வழி செய்து கொடுத்துவிடுகிறார். வால்வு தேய்ந்தால் இரண்டும் கலக்கும். நம் போர் தண்ணீர் தெருக்குழாய்க்கும் ஏறும். நோக்கியாவில் நடந்ததன் சிறிய பதிப்பு இது.

ஆறாவது, சம்ப். கடை வாசலில், தரை மட்டத்துக்குச் சமமாக மூடி. அதன்மேல் வண்டி நிறுத்துகிறோம். செருப்புக் காலோடு நடக்கிறோம். கடை கழுவிய தண்ணீர் அதன் ஓரமாகவே உள்ளே வழிகிறது. சில கட்டடங்களில் சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டும்தான். அந்தச் சுவரில் மயிரிழை விரிசல் விட்டால் போதும்.

கேன் வாங்கினால் தீர்ந்ததா?

"நாங்கள் குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் டம்ளர் கழுவுவது எந்தத் தண்ணீரில்? கை கழுவுவது, மிக்ஸி ஜாரைக் கழுவுவது, கீரைக்குத் தெளிப்பது எந்தத் தண்ணீரில்? இட்லி மாவில் கலந்த தண்ணீர் ஆவியில் வேகும்போது கிருமி செத்துவிடும். மோர், பழச்சாறு, தேங்காய்ச் சட்னி, பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெள்ளரிக்காய் ஆகியவை அடுப்பைக் காண்பதில்லை. அங்கே தொட்டித் தண்ணீர் நேராகவே வாடிக்கையாளர் வயிற்றுக்குப் போகிறது.

வடிகட்டி இயந்திரம் வைத்தாலும் ஒரே ஒரு குழாயில் வரும் தண்ணீர் மட்டும்தான் சுத்தமாகிறது. மற்றக் குழாய்களுக்கு அதே தொட்டிதான் ஆதாரம். தொட்டி சுத்தமானால் எல்லாமே சுத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் கீழ், 2011-ல் உரிமம் மற்றும் பதிவுக்கான ஒழுங்குமுறைகள் வந்தன. அதன் நான்காம் அட்டவணை கடையின் சுகாதாரத்தைப் பற்றியது. உணவில் சேர்க்கவும், உணவுப் பாத்திரங்களைக் கழுவவும் குடிக்கத் தகுந்த நீரையே பயன்படுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளை அவ்வப்போது கழுவி அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும். குடிக்கத் தகாத நீர் செல்லும் குழாய்களைத் தனியே அடையாளம் தெரியும்படி வைக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தோடு சேர்ந்து வரும் கடமை இது.

குடிநீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. மலத்திலிருந்து வரும் ஈ-கோலி கிருமி 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஒன்றுகூடக் காணப்படக் கூடாது. குளோரின் கலந்து வரும் நீரில், பயன்படுத்துவோர் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். இந்த மிச்சக் குளோரின்தான் வழிக்காவலன். தெருக்குழாயில் இருக்கும் குளோரின் நம் மாடித் தொட்டிக் குழாயில் இல்லாமல் போயிருந்தால், நம் கட்டடத்துக்குள் ஏதோ ஓர் அழுக்கு அதைத் தின்றிருக்கிறது, அல்லது தண்ணீர் நெடுநாள் தேங்கியிருக்கிறது என்று பொருள்.

செய்ய வேண்டியவை

இதற்கெல்லாம் பெரும் முதலீடு தேவையில்லை. பெரும்பாலானவை பிளம்பரின் ஒரு நாள் வேலை. சில, வெறும் பழக்கம்.

1. காற்று இடைவெளி விடுங்கள். தொட்டியிலோ சம்ப்பிலோ தண்ணீர் விழும் குழாயின் வாய், தண்ணீர் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். குழாய் விட்டத்தைப் போல இரு மடங்கு இடைவெளி. எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. காற்றைத் தாண்டித் தண்ணீர் பின்னோக்கிப் போக முடியாது. நான்-ரிட்டன் வால்வு நல்லதுதான்; ஆனால் ஒரு மணல் பருக்கை சிக்கினால் அது மூடாது. காற்று இடைவெளிக்குத் தேய்மானமே இல்லை.

2. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைக்காதீர்கள். தண்ணீர் தானாகச் சம்ப்பில் விழட்டும். சம்ப்பிலிருந்து மோட்டார் ஏற்றட்டும்.

3. தண்ணீர் விடத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் வருவதைச் சம்ப்பில் விடாதீர்கள். நிறமும் வாடையும் தெளிந்த பிறகு திருப்புங்கள். முதல் தண்ணீர் கழிவறைக்கும் வாசல் கழுவவும் உதவும்.

4. சாக்கடையைத் தாண்டும் இணைப்புக் குழாயை மேலே தூக்கி, தடித்த உறைக்குழாய்க்குள் விடச் செய்யுங்கள். தெருவில் செய்யும் வேலைக்கு உள்ளாட்சியின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

5. சம்ப் வாயைச் சுற்றித் தரைக்கு மேலே செங்கல் கட்டு எழுப்பி, இறுக்கமான மூடி போடுங்கள். வழிந்தோடும் குழாய்களுக்கும் காற்றுக் குழாய்களுக்கும் கொசுவலை கட்டுங்கள். எலி, பல்லி மட்டுமின்றி, டெங்கு கொசுவும் நுழையாது. தொட்டியின் வழிந்தோடும் குழாயைச் சாக்கடையோடு நேரடியாகச் சேர்க்காதீர்கள்.

6. போர் தண்ணீருக்கும் நகராட்சித் தண்ணீருக்கும் தனித்தனிப் பைப்; வெவ்வேறு நிறம். ஒரே தொட்டியில் இரண்டும் விழ வேண்டியிருந்தால், இரண்டும் காற்று இடைவெளியோடு மேலிருந்து விழட்டும்.

7. ஓஸ் முனையை வாளிக்குள் முங்க விடாதீர்கள். கை ஷவரின் திருகை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். சுவரில் உயரமாக மாட்டுங்கள். முடிந்தால் கழிவறைக்குத் தனித் தொட்டி வையுங்கள்.

8. பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். மிச்சக் குளோரின் பார்க்கும் சிறிய பெட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

தொட்டி கழுவும் முறை

ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கழுவ வேண்டும். முதலில் சம்ப், பிறகு மாடித் தொட்டி. மாடியைக் கழுவிவிட்டு அழுக்குச் சம்ப்பிலிருந்து ஏற்றினால் பயனில்லை.

தண்ணீரை வடித்து, சுவரையும் அடியையும் பிரஷ்ஷால் தேய்த்து, சேற்றை அள்ளி வெளியேற்ற வேண்டும். மறுபடி நிரப்பி, 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளியில் தனியே கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாய்களையும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூடுங்கள். குறைந்தது 3 மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, அப்படியே விடுங்கள். அந்தத் தண்ணீர் குடிக்கத் தகாதது. முழுவதும் வடித்துவிட்டு, மறுபடி அலசி நிரப்புங்கள்.

அன்றாடம் கிருமி நீக்கத்துக்கு அளவு வேறு: 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம். கலந்து ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். இரண்டு அளவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எழுதித் தொட்டியருகே ஒட்டி வையுங்கள்.

தொழிலாளர் பாதுகாப்பு மிக முக்கியம். நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் மூச்சு முட்டும். மூடியை நெடுநேரம் திறந்து வைத்துக் காற்றோட விட்ட பின்னரே இறங்க வேண்டும். மேலே ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். மோட்டாரின் மின் இணைப்பை மெயினில் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கடுமையாகத் தடுக்கிறது.

பிளீச்சிங் பவுடர் விற்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரமும் வெயிலும் பட்டால் அதன் வீரியம் போய்விடும். பழைய சரக்கை வாங்கித் தொட்டியில் போடுபவர் சுண்ணாம்பைத்தான் போடுகிறார். கொஞ்சமாகக் கொள்முதல் செய்து, இறுக்கமாகக் கட்டி, வந்த வரிசையிலேயே விற்றுவிடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒரே அலமாரியில் அடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் நச்சுப்புகை எழும்.

ஹார்டுவேர் வணிகர்களின் பங்கு

ஒரு வீட்டுக்காரருக்கு எந்தப் பைப் நல்லது என்று தெரியாது. நாம் எடுத்துக் கொடுப்பதைத்தான் வாங்கிப் போகிறார். குடிநீருக்கான பி.வி.சி. பைப் ஐ.எஸ். 4985, சி.பி.வி.சி. பைப் ஐ.எஸ். 15778, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஐ.எஸ். 12701. கழிவுநீர், மழைநீர்ப் பைப்புக்கு ஐ.எஸ். 13592 என்று தனித் தரம் உண்டு. விலை குறைவு என்பதற்காகக் கழிவுநீர்ப் பைப்பைக் குடிநீருக்கு எடுத்துக் கொடுப்பது நியாயமான வியாபாரம் அல்ல.

பி.வி.சி. பைப்பில் ஈயக் கலவை சேர்ப்பது பற்றி மத்திய அரசு 2021-ல் விதிகள் வெளியிட்டிருக்கிறது. ஈயம் கிருமியைப் போல் வயிற்றோட்டம் உண்டாக்காது. சத்தமில்லாமல் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014-ல் நீர் ஆதாரத்தை மாற்றியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய ஈயக் குழாய்கள் அரித்துத் தண்ணீரில் கலந்தன. ஊரே பாட்டில் தண்ணீரை நம்பி வாழ நேர்ந்தது. ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள். முத்திரை இல்லாத சரக்கைக் கடையில் ஏற்றாதீர்கள்.

காம்ப்ளெக்ஸில் யார் பொறுப்பு?

இதுதான் கடினமான கேள்வி. சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர் இன்றே தொட்டியைக் கழுவிவிடலாம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். பத்து, இருபது கடைகளுக்கு ஒரே சம்ப், ஒரே கழிவறை, ஒரே மாடித் தொட்டி. கட்டட உரிமையாளர் வெளியூரில் இருப்பார். "வாடகையில் எல்லாம் அடக்கம்" என்பது கடைக்காரர் பேச்சு. "பயன்படுத்துபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்பது உரிமையாளர் பேச்சு. நடுவில் தொட்டி வருடக்கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கிறது. பத்துப் பேருக்கும் பொதுவான தொட்டி யாருக்கும் சொந்தமில்லாத தொட்டியாகிவிடுகிறது.

பாதிப்பு வரும்போது இந்த வாதங்கள் எதுவும் நிற்காது. ஒரு ஜூஸ் கடையில் குடித்த பிள்ளைக்குக் காமாலை என்று பேச்சு கிளம்பினால், அந்தக் காம்ப்ளெக்ஸுக்கே கூட்டம் குறையும். பக்கத்து ஜவுளிக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் சேர்த்துத்தான் நட்டம். அந்தப் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் நேர்ந்த துன்பத்தை நட்டக் கணக்கில் எழுத முடியாது.

ஆகவே உரிமையாளரோடு சண்டை போட்டுக் காலம் கழிப்பதைவிட, முதலில் வேலையை முடித்துவிட்டுக் கணக்கைப் பிறகு பேசுவது மேல். ஒவ்வொரு காம்ப்ளெக்ஸிலும் ஒருவரைத் தண்ணீர்ப் பொறுப்பாளராக அமர்த்தலாம். கடைக்கு இவ்வளவு என்று மாதம் ஒரு சிறு தொகை சேர்க்கலாம். தொட்டி கழுவிய நாள், பரிசோதனை முடிவு, பழுது பார்த்த விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் காட்டவும் அந்த நோட்டு உதவும். அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் எழுதும்போது, தொட்டி, சம்ப், பைப் பராமரிப்பு யாருடையது என்பதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். முன்பணம், வாடகை உயர்வு பற்றி எவ்வளவு கவனமாக எழுதுகிறோமோ அதே கவனம் இதற்கும் வேண்டும்.

நம் கிளைச் சங்கங்களும் இதில் முன்கை எடுக்கலாம். ஒரு விடுமுறை நாளில் கடைவீதி முழுவதும் சேர்ந்து தொட்டி கழுவ ஏற்பாடு செய்யலாம். நல்ல பிளம்பர் ஒருவரை அழைத்து, ஒவ்வொரு கட்டடத்தின் பைப்பும் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துக் காகிதத்தில் வரைந்து வைக்கலாம். சிகாகோவில் இல்லாமல் போனது அந்தக் காகிதம்தான். சாக்கடைக்குள் கிடக்கும் இணைப்புகளைப் பட்டியலிட்டு, மொத்தமாக உள்ளாட்சியிடம் மனுக் கொடுத்தால் தனி ஆளின் குரலைவிட அதற்கு மதிப்பு அதிகம். நம் பக்கத்தை ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்குத்தான், தெருப் பக்கத்தைச் சரிசெய்யும்படி நகராட்சியைக் கேட்க வாயும் இருக்கும்.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள் நம் பெரியோர். கோடையில் கடை வாசலில் பந்தல் போட்டு, பானையில் தண்ணீர் வைத்து, வழிப்போக்கருக்குத் தாகம் தணிப்பது வணிகர்களான நமக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த தர்மம். அந்தப் பானையில் ஊற்றும் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று பார்ப்பதும் அந்தத் தர்மத்தில் சேர்ந்ததே. இந்த வாரக் கடை விடுமுறையன்று, ஒவ்வொருவரும் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, நம் சம்ப்பின் மூடியைத் திறந்து பார்ப்போம்.